யாரால் என்னும் வினா

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழிலக்கணம் பயின்றோர் ஒரு வாக்கியத்தைக் கண்டவுடன் முதலில் தேடுவது வினைமுதலை. 'கண்ணன் பாடம் படித்தான்' என்பது செய்வினை. 'பாடம் கண்ணனால் படிக்கப்பட்டது' என்பது செயப்பாட்டுவினை. முன்னதில் எழுவாயாக நின்ற கண்ணன் பின்னதில் 'ஆல்' உருபேற்று மூன்றாம் வேற்றுமையாக மாறி நிற்கிறான். அவ்வளவே, அவன் மறைந்துவிடவில்லை. 'பாடம் படிக்கப்பட்டது' என்று குறைத்துச் சொன்னாலுங்கூட, யாரால் என்னும் வினா அவ்வாக்கியத்துக்குள்ளேயே காத்துக் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இரண்டு மதிப்பெண் பெற்றுத்தரும் பயிற்சி. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இலக்கண நூலைத் திறந்தே அறியாத தாய்மார் பலர்க்கு இது வாழ்க்கையின் வழக்காகவே ஆகிவிட்டது.

இலங்கை அரசு 2016ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் என்னும் பெயரால் ஓர் அமைப்பை நிறுவ வழி செய்தது. 'காணாமற் போனார்' என்னும் தொடரை ஊன்றி நோக்குக. போதல் என்னும் வினைக்கு வினைமுதல் போனவரே. தாமே எழுந்து, தாமே நடந்து, தாமே மறைந்தார் என்னும் பொருள் அதில் தோன்றுகிறது. தாய்மார் இச்சொல்லை ஏற்கவில்லை. தங்கள் பிள்ளைகள் காணாமல் போனவர் அல்லர், 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று அவர்கள் பதாகைகளில் எழுதினர். ஆக்கப்பட்டார் என்றால் ஆக்கியவர் ஒருவர் உண்டு. அந்த 'ஆல்' உருபுக்கு முன்னே ஒரு பெயர் எழுதப்பட வேண்டும். இனப்போர் முடிந்த அந்நாட்டில் மனித உரிமைக்காகவும் நல்லிணக்கத்துக்காகவும் குடிமைச் சமூகம் எழுப்பி வரும் குரலின் சாரம் இந்த ஒற்றை வினாவில் அடங்குகிறது. இன்றைய உரையும் அதனைப் பற்றியதே.

வரலாற்றைச் சுருங்கச் சொன்னால் போதும். அவையோர் பெரும்பாலும் அறிந்ததே. 1983 ஜூலையில் தமிழர்க்கு எதிராக நிகழ்ந்த பெருங்கலவரத்துக்குப் பின் முழுப்போராக மூண்ட பூசல், 26 ஆண்டுகள் நீடித்து, 2009 மே மாதம் முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளிவாய்க்காலில் முடிந்தது. போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என, ஐக்கிய நாடுகள் அவையின் தலைமைச் செயலர் பான் கி மூன் அமைத்த மூவர் குழு 2011இல் கூறியது. இலங்கை அரசு அதனை மறுத்தது.

காணாமல் ஆக்கப்படுதல் அந்த இறுதிக் கட்டத்தில் தொடங்கியதன்று. தமிழர்க்கு மட்டும் நேர்ந்ததுமன்று. தமிழகத்தில் பலரும் அறியாத பகுதி இதுவாதலின் இங்கே சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

1984இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் படையினரால் பிடித்துச் செல்லப்பட்டபோது அன்னையர் திரண்டு, மாவட்டத்தின் அரசாங்க அதிபர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் சென்றனர். (இங்கே மாவட்ட ஆட்சியர் எனப்படுபவரே அங்கே அரசாங்க அதிபர்.) அன்னையர் முன்னணி என்னும் அமைப்பு அவ்வாறு பிறந்தது. ஆறே ஆண்டுகளில் அதே பெயரில் இன்னோர் அமைப்பு நாட்டின் தென்கோடியில், மாத்தறையில் தோன்றியது. இம்முறை அழுதவர் சிங்களத் தாய்மார். 1987 முதல் 1989 வரை ஜனதா விமுக்தி பெரமுன நடத்திய கிளர்ச்சியின்போது அவ்வியக்கத்தாரும் பலரைக் கொன்றனர். கிளர்ச்சியை ஒடுக்கிய அரசுப் படையினரும் துணைப்படையினரும் பல்லாயிரம் சிங்கள இளைஞரைக் கொன்றும் மறைத்தும் தீர்த்தனர். வடக்குத் தாயும் தெற்குத் தாயும் ஒருவர் மொழியை மற்றவர் அறியார். கேட்ட கேள்வி ஒன்றாகவே இருந்தது.

அத்தெற்கத்திய அன்னையர் முன்னணிக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பது பலர்க்கு வியப்பளிக்கலாம். மருத்துவர் மனோராணி சரவணமுத்து அம்மையாரின் மகன் ரிச்சர்ட் டி சொய்சா, இதழாளர், நடிகர், தந்தைவழியில் சிங்களவர். 1990 பிப்ரவரி 18 அன்று நள்ளிரவு கடந்த வேளையில் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார். அவருடைய உடல் மறுநாள் கடற்கரையில் ஒதுங்கிற்று. வந்தவர்களுள் ஒருவர் ஓர் உயர் காவல் அதிகாரி என அடையாளம் காட்டியதற்காக அத்தாய்க்குக் கொலை மிரட்டல் வந்தது. மகனின் உடலாவது கிடைத்தமையால், மற்றத் தாய்மாரை நோக்கத் தாம் பேறு பெற்றவர் என்று அவர் சொன்னதுண்டு. ஒரு தாய் தன் மகனின் பிணம் கிடைத்ததைப் பேறு என்று சொல்ல நேர்ந்த நாடு அது. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட காவல்துறையினர் 2005இல் விடுதலை செய்யப்பட்டனர். தாயார் அதற்குமுன், 2001இலேயே, காலமாகிவிட்டார்.

நீதிமன்றக் கதவு திறவாதபோது இத்தாய்மார் தெய்வத்திடம் முறையிடச் சென்றனர். 1992இல் கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோயிலில் வெள்ளைச் சேலையுடுத்திய சிங்களப் பௌத்தப் பெண்கள் தேங்காய் உடைத்து, தலைவிரித்து, தங்கள் பிள்ளைகளைக் கொண்டுபோனவர்களைச் சபித்தனர். கூட்டம் கூடவும் ஊர்வலம் போகவும் தடை போடலாம். கோயிலில் அழுவதைத் தடுக்க எந்த அரசுக்கும் துணிவு வருவதில்லை.

இக்காட்சியைக் கேட்கும் தமிழர்க்கு மதுரை அரண்மனை வாயில் நினைவுக்கு வராமலிராது. கண்ணகி அங்கே ஆறுதல் வேண்டிச் செல்லவில்லை. இழப்பீடு கேட்கவும் இல்லை. தன் கணவன் கள்வன் அல்லன் என்னும் உண்மை அவையறிய நிறுவப்பட வேண்டும், கொன்ற பிழை யாருடையது என்பது வெளிப்பட வேண்டும், இவ்விரண்டே அவள் வேண்டியவை. சிலம்பு உடைந்தது, பாண்டியன் பிழை தன்னதே என ஏற்றான். இளங்கோவடிகளின் காப்பியத்தில் சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னனும் இருந்தான். அவ்வழியே அத்தீவு சென்ற வழிபாடு இன்றும் அங்கே உயிரோடிருக்கிறது. சிங்களவர் அவளைப் பத்தினித் தெய்யோ என்பர். கண்டியில், புத்தரின் தந்தம் வைக்கப்பட்ட மாளிகைக்கு அருகிலேயே அவளுக்குத் தேவாலயம் உண்டு. மட்டக்களப்புத் தமிழர் வைகாசியில் அவளுக்குக் குளிர்த்தி விழா எடுப்பர். முல்லைத்தீவில் நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். போரின் கடைசி நாட்களில் மக்கள் சிதறி ஓடியதும் அந்த நந்திக்கடலைச் சுற்றித்தான். இரண்டு இனத்தாரும் வணங்கும் ஒரு தெய்வம், அரசனை நோக்கி நீதி கேட்ட பெண்ணாக இருப்பதை அங்குள்ள ஆட்சியாளர் எவரேனும் எண்ணிப் பார்த்ததுண்டா என்பது தெரியவில்லை.

தெற்கத்திய தாய்மாருக்கு அன்று துணைநின்ற எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இருவர்: ஒருவர் மகிந்த ராஜபக்ச, மற்றவர் மங்கள சமரவீர. 1990 செப்டம்பரில் மகிந்த ராஜபக்ச, காணாமல் ஆக்கப்பட்டோரின் கோப்புகளையும் நிழற்படங்களையும் ஜெனீவாவுக்கு எடுத்துச் செல்ல முயன்றபோது விமான நிலையத்தில் காவல்துறை அவற்றைப் பறித்தது. உலக அரங்கில் முறையிடுவது குடிமகனின் உரிமை என அன்று வாதிட்டவர் அவர். 2012இல் அதே ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோது, குடியரசுத் தலைவராயிருந்த அவருடைய அரசு அதனை அயலார் தலையீடு எனக் கண்டித்தது. மங்கள சமரவீர வேறு வழி சென்றார். 2015இல் அயலுறவு அமைச்சராக இருந்து, பொறுப்புக்கூறலை வேண்டும் 30/1ஆம் எண் தீர்மானத்துக்கு இலங்கையையே இணை அனுசரணையாளராக்கினார். மாத்தறைத் தாய்மாரின் அதே கண்ணீரிலிருந்து இருவர் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொண்டனர்.

இனி ஆணைக்குழுக்களின் கதை. இங்கே ஆணையம் என்பது அங்கே ஆணைக்குழு. 1994இல் மூன்று மண்டல ஆணைக்குழுக்கள், 1998இல் ஒன்று, 2001இல் 1981 முதல் 1984 வரையிலான இனவன்முறை பற்றிய உண்மை ஆணைக்குழு, 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் காணாமற்போனோர் பற்றிய இன்னோர் ஆணைக்குழு. பட்டியல் இதனினும் நீண்டது. முழுதும் சொன்னால் விழா முடிந்துவிடும். ஒரே தாய் ஒரே கதையை ஐந்து அவைகளில் ஐந்து முறை சொல்லியிருக்கிறாள்.

எனினும் 2010ஆம் ஆண்டு ஆணைக்குழுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அது நடுநிலை உடையதன்று எனக் கருதிய பன்னாட்டு உரிமை அமைப்புகள் சில அதன்முன் வர மறுத்தன. மக்கள் மறுக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் அமர்வு நடந்த இடமெல்லாம் ஆயிரக்கணக்கானோர் நிழற்படங்களோடு வந்து வரிசையில் நின்றனர். அவர்களுள் பலர் சொன்னது கண்முன் நடந்ததை. 2009 மே மாதத்தில், சரணடைந்தால் பொதுமன்னிப்பு உண்டு என்று கேட்டு, கணவரையும் பிள்ளையையும் தங்கள் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்தவர்கள் அவர்கள். விடுதலைப் புலிகளின் திருகோணமலை அரசியல் பொறுப்பாளராயிருந்த எழிலனின் மனைவி அனந்தி சசிதரன் அவ்வாறு சான்றுரைத்தார். பின்னர் ஆட்கொணர்வு மனுவும் தாக்கல் செய்தார். இவர்களுக்கு 'யாரால்' என்பது மறைபொருள் அன்று. ஏறிய பேருந்து தெரியும். ஏற்றியவர் உடுத்த சீருடை தெரியும். அறிய வேண்டியது பேருந்து எங்கே போயிற்று என்பது மட்டுமே.

மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள் 2011 ஜனவரியில் அவ்வாணைக்குழுவின் முன் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. அரசு அலுவலகங்களின் பதிவுப்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்த மக்கள் 429,059 பேர். போர் முடிந்து அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 282,380 பேர். மீதி 146,679 பேர். இத்தனை பேரும் இறந்தனர் என அவர் சொல்லவில்லை. இவர்கள் எங்கே, தெளிவுபடுத்துக என்று கேட்டார். பதிவில் பிழை இருக்கலாம், முன்னரே வெளியேறியோர் இருக்கலாம், எண்ணிக்கை குறையலாம். அவ்வாறாயின் அரசு தன் ஏட்டைத் திறந்து காட்டிக் கணக்கைத் திருத்தியிருக்கலாம். அரசு ஏட்டிலிருந்தே எடுத்த எண்ணுக்கு இன்றளவும் முறையான விடை வரவில்லை. ஆயர் 2021 ஏப்ரல் முதல் நாள் மறைந்தார்.

அவ்வாணைக்குழுவின் அறிக்கை 2011 டிசம்பரில் வெளிவந்தபோது, அதில் எதிர்பாராத நல்ல பரிந்துரைகள் பல இருந்தன. படைகளின் நடத்தையைப் பெரும்பாலும் நியாயப்படுத்தியது மெய்யே. ஆயினும் காணாமல் ஆக்கப்பட்டோர் குறித்து விசாரணை வேண்டும், குடிமை ஆட்சியிலிருந்து படை விலக வேண்டும், நாட்டுப்பண் இருமொழியிலும் பாடப்பட வேண்டும், சுதந்திர தினத்தில் இறந்தோர் அனைவர்க்கும் பொதுவாக அஞ்சலி செய்ய வேண்டும் என்றெல்லாம் அது கூறியது. மக்கள் வந்து பேசியதன் பயன் இது. அழுது சொன்ன ஒரு வாக்குமூலம் எழுதுபவரின் பேனாவையும் சிறிது அசைத்துவிடுகிறது. 2016 பிப்ரவரி 4 அன்று அரசு விழாவில் நாட்டுப்பண் தமிழிலும் ஒலித்தது. கேட்ட தமிழர் பலர் கண்கலங்கினர். 2020இல் அது மீண்டும் நிறுத்தப்பட்டது. பாட்டு ஒன்று, பாட இரண்டு நிமிடம். அதற்கே இத்தனை தடுமாற்றம் என்றால் மற்றப் பரிந்துரைகளின் கதியை ஊகித்துக்கொள்ளலாம்.

குடிமைச் சமூகம் வெளியே நின்று கோரிக்கை எழுப்பியது போதாதென்று, உள்ளேயும் ஒருமுறை அழைக்கப்பட்டது. 2016 ஜனவரியில் அரசு, நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களிடம் கருத்தறிய 11 பேர் கொண்ட செயலணி ஒன்றை அமைத்தது. உறுப்பினர் அனைவரும் அரசு சாராதவர். தலைவர் வழக்கறிஞர் மனோரி முத்தெட்டுவேகம. செயலர் பாக்கியசோதி சரவணமுத்து. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒன்றாய் அமர்ந்து ஊரூராகச் சென்று கேட்டனர். 7,306 கருத்துரைகள் வந்தன. வந்தவர்களுள் புலிகளால் பிள்ளைகள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்ட பெற்றோரும் இருந்தனர். போரில் மறைந்த சிங்களப் படைவீரரின் குடும்பத்தாரும் இருந்தனர். வீரனின் தாயும் மகன் எங்கே என்றே கேட்டாள். அவளுக்கும் அரசு விடை சொல்லியிருக்கவில்லை.

அச்செயலணியின் அறிக்கை 2017 ஜனவரி 3 அன்று கையளிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் வந்து பெற்றுக்கொள்ளவில்லை, பிரதமரும் வரவில்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் சந்திரிகா குமாரதுங்க பெற்றுக்கொண்டார். போர்க்குற்ற விசாரணை அமர்வு ஒவ்வொன்றிலும் அயல்நாட்டு நீதிபதி ஒருவராவது இருக்க வேண்டும் என்று அதில் பெரும்பான்மை உறுப்பினர் எழுதியிருந்ததே ஆட்சியாளர்க்கு முள்ளாயிற்று. கேள் என்று அனுப்பியவரே, கேட்டு வந்ததை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, குற்றமெல்லாம் ஒரு பக்கத்தது என்று தமிழ் நெஞ்சம் ஆறுதல் அடைந்துவிடலாகாது. யாரால் என்னும் வினா இருமுனைக் கத்தி. அதனைத் தன் பக்கத்தார் மீதும் திருப்பியவர் தமிழருள் இருந்தனர். அவர்களே இக்கதையில் மிகுந்த வணக்கத்துக்கு உரியவர்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்தவர் ரஜனி திரணகம அம்மையார். இளமையில் புலிகளுக்கு உதவியவர். பின்னர் அவ்வியக்கத்தின் போக்கைக் கண்டு விலகியவர். 1988இல் சக ஆசிரியர்களான இராஜன் ஹூல், கோ. சிறீதரன் முதலியோருடன் சேர்ந்து மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் எழுதிய 'முறிந்த பனை' என்னும் நூலும், தொடர்ந்து வெளிவந்த அறிக்கைகளும் இலங்கைப் படையை எழுதின. போராளி இயக்கங்களை எழுதின. இந்திய அமைதிப்படையையும் எழுதின. 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் அமைதிப்படையினர் புகுந்து நோயாளரையும் மருத்துவரையும் செவிலியரையும் சுட்டுக்கொன்ற நிகழ்ச்சி இங்கே, தமிழகத்தில், எத்தனை மேடைகளில் பேசப்பட்டிருக்கிறது? அமைதிப்படை இந்தியக் குடிமக்களின் பெயரால் சென்ற படை. ஆதலின் அந்த 'ஆல்' உருபுக்கு முன்னே நிற்பது தூரத்து அயலான் பெயரன்று.

1989 செப்டம்பர் 21 அன்று, மிதிவண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ரஜனி, வீட்டுக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கொன்றவர் புலிகளே என்று அவர்தம் தோழரும் குடும்பத்தாரும் கூறிவந்துள்ளனர். எந்த நீதிமன்றமும் அதனை விசாரிக்கவில்லை. நூல் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சில் பரவியது. தோழர் இருவரும் தலைமறைவாக வாழ்ந்து பணியைத் தொடர்ந்தனர். மனித உரிமைப் பணிக்குரிய மார்ட்டின் என்னல்ஸ் விருது 2007இல் அவர்களுக்கு அளிக்கப்பட்டது.

முஸ்லிம்களின் வெளியேற்றமும் இவ்வகையிலேயே சேரும். 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குத் தரப்பட்ட கெடு இரண்டு மணி நேரம். நகை, பணம், வீட்டுப் பத்திரம் யாவும் வாயிலில் பறிக்கப்பட்டன. தமிழே தாய்மொழியாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்கள், புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருபதாண்டு கழித்தனர். இக்கொடுமையை விசாரிக்க எந்த அரசும் தனியே ஆணைக்குழு அமைக்கவில்லை. எனவே குடிமக்களே அமைத்துக்கொண்டனர். கொழும்பிலுள்ள சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளையின் முயற்சியால் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்று நிறுவப்பட்டு, வெளியேற்றப்பட்டோரின் வாக்குமூலங்களைப் பதிவு செய்து 2011இல் அறிக்கை வெளியிட்டது. அதற்குச் சட்ட அதிகாரம் இல்லை; எவரையும் அழைத்து வினவ உரிமை இல்லை. நடந்தது நடந்ததே என்று ஏட்டில் ஏற்றுவதொன்றே அதனால் இயன்றது. அண்டை வீட்டுத் தமிழன் அன்று வாய் திறக்கவில்லை என்னும் குறை, பறிபோன நகையைவிட ஆழமாக அவர்களுள் பலர் நெஞ்சில் கிடக்கிறது. அப்போது தமிழரும் துப்பாக்கிக்கு அஞ்சி வாழ்ந்தனர் என்பது உண்மை. துப்பாக்கி மறைந்த பின்னும் அக்குறையைக் கேட்டு ஏற்பவர் பெருகவில்லை என்பதும் உண்மை.

நல்லிணக்கம் என்னும் சொல்லை ஆட்சியாளர் விரும்புகின்றனர். இணக்கம் என்றால் பழையதைப் பேசாதிருத்தல் என்று அவர்கள் கொள்ளும் பொருள், வென்றவர்க்கு வசதியான பொருள். மனிதர் மனம் அவ்வாறு இணங்குவதில்லை. இறந்தவர்க்குத் திதி கொடுக்க வேண்டுமாயின் இறந்த நாள் தெரிய வேண்டும். கணவன் உயிரோடிருக்கிறானா என்றறியாத பெண், திலகத்தை அழிப்பதா வைத்துக்கொள்வதா? நிலப் பத்திரத்தில், வங்கிக் கணக்கில், மகளின் திருமண அழைப்பிதழில், எங்கும் இக்கேள்வி வந்து நிற்கிறது. இதற்கென இறந்தார் என்று சொல்லாது, காணக் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைச் சட்டம் 2016இல் உருவாக்கியது. வினைமுதல் இல்லாத இன்னொரு வாக்கியம்.

2020 ஜனவரியில், அப்போதைய குடியரசுத் தலைவர் கோத்தபாய ராஜபக்ச, காணாமற்போனோர் இறந்துவிட்டனர் என்றும், விசாரணைக்குப் பின் மரணச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் ஐக்கிய நாடுகள் அவையின் அதிகாரியிடம் தெரிவித்தார். போர்க்காலத்தில் பாதுகாப்புத் துறைச் செயலராயிருந்தவர் அவர். இறந்துவிட்டனர் என்று அறிந்தவர், எவ்வாறு, எங்கே, யாரால் என்பதையும் அறிந்திருக்க வேண்டுமே என்று தாய்மார் கேட்டனர். அதே ஆண்டு மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. 2000ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து மிருசுவிலில் குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்று, உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்த படைவீரர் ஒருவரை அவர் மன்னித்து விடுவித்தார். 'யாரால்' என்பதற்கு நீதிமன்றம் விடை எழுதிய வழக்குகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றுள் ஒன்று இவ்வாறு அழிக்கப்பட்டது.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயிலருகே தாய்மார் தொடங்கிய தொடர் அறப்போராட்டம் வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை எனப் பரவியது. தெருவோரப் பந்தல், சுவரெங்கும் நிழற்படங்கள், நாள் எண்ணிக்கை எழுதிய பலகை. நூறு நாள், ஆயிரம் நாள், இரண்டாயிரம் நாள் என்று பலகை மாறியது. மாதந்தோறும் சிறு உதவித்தொகை, பின்னர் இழப்பீடு என்றெல்லாம் அரசு சொல்லிப் பார்த்தது. பிள்ளைக்கு விலை வேண்டா என்று பலர் மறுத்தனர். வறுமை மிகுந்த சிலர் பெற்றுக்கொண்டனர். அவர்களைக் குறை சொல்லும் தகுதி எவர்க்கும் இல்லை. விடை கேட்டுக்கொண்டே இறந்துபோன பெற்றோர் நூற்றுக்கணக்கானோர். அவர்களின் நிழற்படங்களும் இப்போது பிள்ளைகளின் நிழற்படங்களுக்கு அருகே தொங்குகின்றன.

யாழ்ப்பாண நகரின் நுழைவாயிலில் உள்ளது செம்மணி. 1996 செப்டம்பரில் அங்கிருந்த சோதனைச் சாவடியில், தேர்வெழுதித் திரும்பிய கிருசாந்தி குமாரசாமி என்னும் 18 வயது மாணவி தடுத்து நிறுத்தப்பட்டார், சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். பெண்கள் அமைப்புகளும் உரிமை அமைப்புகளும் விடாது குரல் கொடுத்தமையால் வழக்கு கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் நடந்து, 1998இல் படையினர்க்குத் தண்டனை கிடைத்தது. தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்னும் படைவீரர் அந்நீதிமன்றத்திலேயே, செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று கூறினார். 1999இல் தோண்டினர், 15 உடல்கள் கிடைத்தன, அத்தோடு மூடினர்.

2025 பிப்ரவரியில் அங்குள்ள சித்துப்பாத்தி மயானத்தில் எரியூட்டும் மேடை கட்டக் குழி தோண்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டனர். நீதிமன்ற மேற்பார்வையில் தொல்லியல் அறிஞரும் மருத்துவரும் மண்ணைத் தூரிகையால் விலக்கி விலக்கி எடுத்தபோது எலும்புக்கூடுகள் 200ஐத் தாண்டின. சிறு குழந்தைகளின் எலும்புகளும் அவற்றுள் இருந்தன. ஜூன் மாதம் யாழ்ப்பாணத்து இளையோர் அங்கே மூன்று நாள் அணையா விளக்கு ஏற்றிக் காத்தனர். அந்நாட்களில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் நேரில் வந்து பார்த்தார்.

ஆகஸ்டு 5 அன்று, எலும்புகளோடு கிடைத்த பொருள்கள் மயானத்திலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. துணிகள், காலணிகள், சிறுவர் பயன்படுத்திய பொருள்கள். அடையாளம் தெரிந்தால் சொல்லலாம் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தது. பல ஊர்களிலிருந்து முதியோர் வந்தனர். ஒவ்வொரு பொருளின் முன்னும் குனிந்து நின்று பார்த்துவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தனர்.